கேட்டறிந்து தொடும் கை

நம் தலைக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பிக்குத் தமிழில் கபச்சுரப்பி என்று பெயர். பிட்யூட்டரி சுரப்பி என்றே இன்று பெரும்பாலும் எழுதுகிறோம். மூளையடிச் சுரப்பி என்பாரும் உண்டு. இப்பெயர்களுள் கபச்சுரப்பி என்பதே என் சிந்தையைத் தூண்டியது. கபம் என்றால் சளி. மூளைக்கு அடியில் ஓர் எலும்புக் குழியில் அமர்ந்திருக்கும் உறுப்புக்கும் சளிக்கும் என்ன உறவு? இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர், மூளையின் கழிவு இந்த வழியாக வடிந்து மூக்கில் சளியாக இறங்குகிறது என்று கருதினார். 1543-ஆம் ஆண்டில் உடற்கூற்றியலுக்குப் புதுப் பாதை வகுத்த வெசாலியுஸ்கூட இக்கருத்தைக் கைவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அப்படியொரு வழியே இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் இலத்தீனில் சளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. அதை மொழிபெயர்த்த நாமும் கபத்தை விட்டுவிடவில்லை.

பேரறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்படி எண்ணியதில் வியப்பில்லை. கண் எட்டாத இடத்தைப் பற்றி மனிதன் ஊகிக்கிறான். ஊகம் பழகிப்போனால் அறிவென்று பெயர் பெறுகிறது. மூளையிலிருந்து மூக்குக்குச் சளி இறங்கும் வழி இல்லை என்பது உண்மை. ஆனால் மூக்கிலிருந்து அச்சுரப்பியை நோக்கி ஏறிச்செல்லும் வழி ஒன்று உண்டு. அந்த வழியைத் திறந்தவர்கள் அறுவை மருத்துவர்கள். திறந்த பிறகும், கண் எட்டாத இடம் என்ற பழைய இடர் அவர்களை விட்டு அகலவில்லை.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் பொருட்டே. அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன்; பெயரும் ஊரும் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஐம்பதை நெருங்கும் அவர் தையல் தொழில் செய்பவர். புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடை தைப்பதில் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு இணையில்லை. ஈராண்டுகளுக்கு முன் அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினார். ஊசியில் நூல் கோக்க முடிந்தது. எதிரே விரித்த துணி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் வந்து நின்ற மகள் தெரியவில்லை. வயதின் கோளாறு என்று எண்ணிக் கண்ணாடியை மாற்றினார். மீண்டும் ஒருமுறை மாற்றினார். இறுதியில் ஒரு கண் மருத்துவர், கிண்ணம் போன்ற ஒரு கருவிக்கு முன்னே அவரை அமர்த்தி, ஓரங்களில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை ஏறத்தாழ மறைந்திருந்தது. வண்டிக் குதிரைக்கு இருபுறமும் கண்மறைப்புக் கட்டியதைப் போன்ற நிலை.

அடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கபச்சுரப்பியில் இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் அன்று, இந்தச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மாத்திரையாலேயே சுருங்கிவிடும் ஒரு வகைக் கட்டியும் உண்டு. தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் இயக்குநீரை அது மிகுதியாக வெளிவிடும். குருதிச் சோதனையில் அது அந்த வகையைச் சேர்ந்தது அன்று என்று தெளிவாகவே, அறுவை தேவை என்றார்கள்.

அன்று மாலை அவரும் அவர் கணவரும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். சாவைக் குறித்தோ செலவைக் குறித்தோ கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “சாமி, மூக்கு வழியாப் போயி எடுப்பாங்களாம். உள்ளே எது கட்டி, எது நல்ல சதைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? துணிக்கு மேல துணி ஒட்டிக்கிட்டுக் கிடந்தா, வெளிச்சத்துல வச்சுப் பாக்கிற எனக்கே சில நேரம் தையல் பிரிக்கத் தெரியாது.”

“தெரியாதும்மா, கேட்டுச் சொல்றேன்” என்றேன். அவரோடு மருத்துவமனைக்குச் சென்றபோது அறுவை மருத்துவரிடமே அந்தக் கேள்வியை வைத்தோம். அவர் சலித்துக்கொள்ளவில்லை. மேசையிலிருந்த ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கத் தொடங்கினார். அன்று அவரிடம் கேட்டவற்றையும், பின்னர் நானாகப் படித்து அறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கபச்சுரப்பி ஒரு பட்டாணி அளவுடையது; எடை ஏறத்தாழ அரை கிராம். மண்டையோட்டின் அடித்தளத்தில், நாசிக்குப் பின்னே, குதிரைச் சேணத்தைப் போல் குழிந்த ஓர் எலும்பில் அது அமர்ந்திருக்கிறது. துருக்கியச் சேணம் என்றே உடற்கூற்று நூலார் அக்குழிக்குப் பெயரிட்டுள்ளனர். உடல் வளர்ச்சி, தைராய்டு சுரப்பியின் வேலை, அட்ரினல் சுரப்பியின் வேலை, மகப்பேற்றுக்கான பருவ மாற்றங்கள், சிறுநீரின் அளவு ஆகிய அனைத்திலும் இதன் கட்டளை செல்லும். அதற்கு நேர்மேலே இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. வெளிப்புறக் காட்சியைச் சுமந்துவரும் இழைகளே நடுவில் குறுக்கிடுவதால், கட்டி மேல்நோக்கி வளரும்போது முதலில் நசுங்குபவை அவைதாம். தையற்காரத் தாய்க்குப் பக்கப் பார்வை மறைந்த காரணம் இதுவே. இருமருங்கிலும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருந்தமனிகள், சுரப்பியிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவில், வளைந்து நெளிந்து ஏறுகின்றன. மேலே பார்வை, பக்கங்களில் உயிர், நடுவில் உடலின் ஒழுங்கு. இவற்றுக்கிடையே கத்தி நுழைய வேண்டும்.

இந்த வழியில் வெற்றியோடு முதலில் சென்றவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் பணியாற்றிய ஹெர்மான் ஷ்லோஃபர், ஆண்டு 1907. மூக்கையே ஒருபுறமாகத் திறந்து மடக்கித்தான் அவரால் உள்ளே செல்ல முடிந்தது. அமெரிக்காவின் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறி, மூக்கின் நடுச்சுவரை ஒட்டிச் செல்லும் முறையைச் செப்பனிட்டு, 1910 முதல் 1925 வரை 231 நோயாளிகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அவரே அம்முறையை விட்டு, மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து இறங்கும் முறைக்கு மாறினார். ஆசான் விட்டதை உலகமும் ஏறத்தாழ விட்டுவிட்டது. எடின்பரோவில் நார்மன் டாட் என்ற அவருடைய மாணவர் மட்டும் மூக்கு வழியை மறவாமல் காத்தார். அவரிடம் கண்டு கற்றவர் பாரிசின் ஜெரார் கியோ. கியோவிடம் கற்ற ஜூல் ஹார்டி 1960-களில் மான்ட்ரியல் நகரில் அறுவை நுண்ணோக்கியை இவ்வழியில் பயன்படுத்தினார். ஒரு தலைமுறை கைவிட்ட வழியை ஒருவர் காத்து வைத்திருந்ததால் அது அடுத்தவர் கைக்கு வந்தது.

எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழாய் வந்த பிறகு நிலைமை மேலும் மாறியது. நான்கு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய குழாய், முனையில் ஒளி, அங்கே காண்பது பெரிய திரையில் தோன்றும். மூக்குத் துளை வழியாகவே செல்லலாம். முகத்தில் தழும்பு இராது. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜோ, கராவ் ஆகிய இருவரும் இம்முறையில் 50 நோயாளிகளுக்குச் செய்த அறுவை பற்றி எழுதினர். இன்று உலகெங்கும் பரவியிருப்பது இம்முறையே. நம் நாட்டில் நரம்பியல் அறுவைக்கு 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தியும் தனித்துறை தொடங்கி வைத்ததை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கலாம். நம் தையற்காரத் தாய் தம் மொழி பேசும் ஊரிலேயே இத்தகைய சிகிச்சை பெற முடிந்ததற்கு அத்தகையோர் இட்ட அடித்தளமே காரணம்.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எண்டோஸ்கோப் முழு விடை ஆகாது. அது எவ்வளவு ஒளி பாய்ச்சினாலும் மேற்பரப்பையே காட்டும். திரைச்சீலைக்கு முன்னே விளக்கேற்றினால் திரைதான் தெரியும். திரைக்குப் பின்னே நிற்பவர் தெரியமாட்டார். எலும்பைத் திறந்ததும் எதிரே நிற்பது சுரப்பியைப் போர்த்திய உறை. அதற்குப் பின்னே கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நல்ல சுரப்பி எந்த மூலையில் ஒதுங்கியிருக்கிறது, தமனி எவ்வளவு அருகில் துடிக்கிறது என்பவை கண்ணுக்குப் புலனாகா.

“படம் எடுத்தீர்களே, டாக்டர்?” என்று கேட்டேன். எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் ஏற்றி, கருவியின் முனை இப்போது படத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் வழிகாட்டி முறை உண்டு. அது மிகவும் பயனுள்ளது என்றார். ஆனால் அந்தப் படம் அறுவைக்கு முன் எடுத்தது. கட்டியில் பாதியை எடுத்தவுடன் மீதிப் பகுதி கீழே சரிகிறது, அழுந்தியிருந்தவை நிமிர்கின்றன, இடமெல்லாம் மாறிவிடுகிறது. வெள்ளம் வந்து கரையை அரித்த பின், பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குபவன் நிலை அது. வரைபடம் பொய்யன்று, அது நேற்றைய உண்மை. அறுவை அறைக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. கருவியை வைத்து இடையிடையே படம் எடுக்கும் வசதி சில இடங்களில் உண்டு. அதன் விலை பெரிது. அதற்கென்றே அறையைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அறுவையை நிறுத்திக் காத்திருக்கவும் வேண்டும். அந்தந்த நொடியின் உண்மையை, கையை வெகுநேரம் நிறுத்தாமல், அதிகச் செலவின்றிக் கேட்டறிய முடியுமா? இக்கேள்விக்கு விடையாக வந்ததே அல்ட்ராசவுண்ட் என்னும் மீயொலி.

மீயொலியின் கதை நம் வாசகர்களுக்கு உரிமையான ஓரிடத்தில் தொடங்குகிறது. இத்தாலியில் 1729-ஆம் ஆண்டு பிறந்த லாத்ஸரோ ஸ்பல்லன்ஸானி ஒரு கத்தோலிக்கக் குரு. இயற்கை அறிவியலில் பேராசிரியர். முழு இருட்டில் ஆந்தை தடுமாறுகையில் வௌவால் தடையின்றிப் பறப்பதைக் கண்டு 1793-இல் அவர் ஆய்வைத் தொடங்கினார். பார்வையைப் பறித்தபோதும் வௌவால் கட்டிய நூல்களில் மோதாமல் பறந்தது. ஜெனீவாவின் லூயி ஜூரின் அதன் காதுகளை அடைத்தார். உடனே அது தடுமாறி மோதியது. ஸ்பல்லன்ஸானி தாமும் அதைச் செய்துபார்த்து உறுதிசெய்தார். ஓசையே எழுப்பாத பிராணி காதால் வழி அறிகிறதா? அக்காலத்து அறிஞருலகம் நம்ப மறுத்தது. கேலி செய்தவர்களும் உண்டு. 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டில் டொனால்டு கிரிஃபின், ராபர்ட் கலம்போஸ் ஆகியோர் அந்தப் புதிரை அவிழ்த்தனர். வௌவால் ஓசை எழுப்பத்தான் செய்கிறது. மனிதச் செவிக்கு எட்டாத உச்ச ஒலி அது. அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே உலகைக் காண்கிறது. எங்கள் கோயில் மணிக்கூண்டிலும் வௌவால்கள் குடியிருக்கின்றன. மாலைச் செப வேளையில் அவை மணிக்கயிற்றை உரசாமல் வெளியேறும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குரு கேட்ட கேள்வியை எண்ணிக்கொள்வதுண்டு.

மனிதன் அவ்வித்தையைக் கற்றது போரில். அழுத்தினால் மின்சாரம் எழுப்பும் படிகங்களின் இயல்பை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்திருந்தனர். முதல் உலகப் போரில் பால் லான்ஜெவின் அப்படிகத்தைக் கொண்டு கடலடியில் ஒலியனுப்பி, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் வழியை வகுத்தார். பின்னர் இயன் டொனால்டு என்ற மகப்பேற்று மருத்துவர், கிளாஸ்கோ அருகே ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் உலோகத்தின் விரிசலைக் கண்டறியும் மீயொலிக் கருவியைப் பார்த்து, அது உடலுக்கும் உதவும் என்று துணிந்தார். 1958-இல் வெளியான அவர் கட்டுரை மகப்பேற்று மருத்துவத்தின் முகத்தையே மாற்றியது. கருவிலிருக்கும் பிள்ளையை ஸ்கேனில் பார்த்து மகிழாத தாய் இன்று அரிது.

மூளை மட்டும் இவ்வொலிக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. ஆஸ்திரியரான கார்ல் டுசிக் 1942-இலேயே மண்டையோட்டின் ஊடாக மீயொலியைச் செலுத்தி மூளையைப் படமெடுத்ததாக வெளியிட்டார். அப்படங்களில் தெரிந்தது பெரும்பாலும் எலும்பின் நிழலே என்பது பின்னர் வெளிப்பட்டது. எலும்பு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது; எஞ்சியதை விழுங்கிவிடுகிறது. கோட்டைச் சுவருக்கு வெளியே நின்று கூவினால் உள்ளே இருப்பவர் குரல் கேட்பதில்லை.

ஆனால் அறுவையின்போது அச்சுவரில் ஒரு வாசல் திறக்கப்படுகிறது. கை நுழைவதற்காகத் திறந்த வாசல் ஒலி நுழையவும் வாசலாகிறது. எளிய இவ்வுண்மையே இம்முறையின் அடிப்படை. அமெரிக்காவின் பெதஸ்தா நகரிலுள்ள தேசிய நலவாழ்வு ஆய்வு நிலையத்தின் மருத்துவர்கள், மீயொலியின் வழிகாட்டலில் கபச்சுரப்பிக் கட்டிகளை அகற்றியதைப் பற்றி 1995-இல் எழுதினர். முப்பத்தெட்டு ஆண்டு காத்துக் கிடந்த நோயாளியின் குளத்துப் பெயரையே அந்நகரும் தாங்கியிருக்கிறது. குஷிங் நோய் என்பது சில மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒரு கட்டியால் உடல் முழுதும் சீர்குலையும் கொடுமை. முகம் உப்பி, தோல் மெலிந்து, எலும்பு நொய்ந்து, குருதியழுத்தம் ஏறி வாடும் அந்நோயாளிகளில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. படத்திலும் கட்டி தெரிவதில்லை. நோய் உண்டு, நோயின் வீடு தெரியாது. அத்தகையோர் பலரிடம் ஒளிந்திருந்த கட்டியை மீயொலி காட்டிக்கொடுத்தது என்று அந்நிலையத்தாரே சில ஆண்டுகளில் அறிவித்தனர்.

பின்னும் ஒரு தடை இருந்தது. மகப்பேற்றுக்கு வயிற்றில் வைக்கும் கருவியின் முனை உள்ளங்கை அகலம். அதை மூக்கின் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல இயலாது. சிலர் நெற்றியெலும்பில் வேறொரு சிறு வாசல் திறந்து, அங்கிருந்து ஒலியனுப்பிப் பார்த்தனர். 2010-ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் ட்ரோன்ஹெய்ம் நகர மருத்துவர்கள், சேணக் குழிக்குள்ளேயே நுழையக்கூடிய மெல்லிய முனையொன்றைப் பயன்படுத்தியது பற்றி வெளியிட்டனர். பக்கவாட்டில் நோக்கும் வகையில் அது அமைந்திருந்தது. அதன் பின்னர் வேறு நாடுகளிலும் இத்தகைய சிறு முனைகள் வந்துள்ளன.

அது வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. மனிதச் செவி ஒரு நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரைதான் கேட்கும். இம்முனை அனுப்பும் ஒலியோ ஒரு கோடி அதிர்வு அளவில் இருக்கும். மென்தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள பொருளில் பட்டுத் திரும்ப, நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 13 கூறு நேரமே ஆகும். அந்நேரத்தை அளந்து, எதிரொலியின் வலிமையை ஒளியாக்கித் திரையில் படம் வரைகிறது கருவி. அதிர்வு மிகுந்தால் நுட்பம் கூடும், ஆனால் ஆழம் குறையும். தொலைவு சென்று மேலோட்டமாகக் காண்பது, அருகில் நின்று நுட்பமாகக் காண்பது, இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். கட்டியோ அருகிலேயே இருப்பதால், நுட்பத்தைத் தேர்வது எளிதாகிறது. காற்று இடையில் புகுந்தால் ஒலி தடைப்படும். ஆகவே அக்குழியை உப்புநீரால் நிரப்பிய பின்பே முனையை வைக்கிறார்கள்.

தமனியை அறிவதற்கு வேறொரு நுட்பம் துணை நிற்கிறது. நம்மை நெருங்கும் இரயிலின் ஊதல் உச்சத்தில் ஒலிப்பதையும், கடந்து சென்றதும் தாழ்வதையும் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இதன் விதியை 1842-இல் எடுத்துரைத்தவர் சால்ஸ்பர்க் நகரில் பிறந்த கிறிஸ்டியன் டாப்ளர். ஓடும் குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியும் அவ்வாறே மாறுவதால், குருதி எங்கே, எத்திசையில் ஓடுகிறது என்று அறியலாம். ஊசி போன்ற டாப்ளர் முனையை உறையின் மேல் வைத்தால், தமனி அடியில் இருக்கும் இடத்தில் ‘உஷ், உஷ்’ என்று அறை முழுதும் கேட்கும். கத்தி வைக்குமுன் அவ்வோசையைக் கேட்கிறார்கள். கேட்கும் இடத்தில் கத்தி இறங்காது.

இக்கருவியைப் போற்றும்போதே அதன் வரம்பையும் சொல்லவேண்டும். அதையும் அந்த மருத்துவரே சொன்னார். படம் காட்டும் பரப்பு சிறியது. பழகாத கண்ணுக்கு அது மேகமூட்டம்போல் தோன்றும். உறைந்த குருதியும் காற்றுக்குமிழியும் கட்டியைப் போலவே ஏமாற்றும். சுரப்பிக்கும் கட்டிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சிலரிடம் தெளிவு, சிலரிடம் மங்கல். எம்.ஆர்.ஐ. படத்துக்கு அது மாற்றன்று, துணையே. இம்முறையைப் பற்றி வெளியான ஆய்வுகள் பெரும்பாலும் சிறு எண்ணிக்கை நோயாளிகளைக் கொண்டவை. ஆகவே எல்லாருக்கும் எப்போதும் இதுவே சிறந்தது என்று அறுதியிட்டுரைக்க இன்னும் காலம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி எதிரொலியைத்தான் தருகிறது. அதன் பொருளை மனிதனே உணர்ந்தறிய வேண்டும்.

குறித்த நாளில் அறுவை நடந்தது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் கணவரும் பிள்ளைகளும் நானும் வெளி வராந்தாவில் காத்திருந்தோம். மருத்துவர் வெளியே வந்தபோது முகத்தில் களைப்பு இருந்தது, கலக்கம் இல்லை. பார்வை நரம்பை அழுத்திய பகுதி முழுதும் நீங்கிவிட்டது என்றார். நல்ல சுரப்பி ஒரு மெல்லிய தகடுபோல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை மீயொலியில் அறிந்து காப்பாற்ற முடிந்தது என்றார். பிறகு சற்று நிறுத்தி, இடப்பக்கத்தில் தமனியைச் சுற்றியிருந்த ஒரு சிறு துணுக்கை அப்படியே விட்டுவிட்டதாகச் சொன்னார்.

கணவரின் முகம் வாடியது. “அவ்வளவு தூரம் போயிட்டு, அதையும் எடுத்திருக்கலாமே, ஐயா?” என்றார். இத்தனை பணமும் கண்ணீரும் செலவிட்ட பின், நோயில் ஒரு துளி மிஞ்சியிருக்கிறது என்ற செய்தியை எந்தக் கணவன் எளிதில் ஏற்பான்? மருத்துவர் அவரருகே அமர்ந்து சொன்னார்: “எடுக்கத் தெரியாம விடலீங்க. அது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுதான் விட்டோம். அதுக்குப் பின்னால இரத்தக் குழாய் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அந்தத் துணுக்கோட பல வருஷம் அவங்க வாழலாம். அந்தக் குழாய் கிழிஞ்சா இன்னிக்கு இந்தப் பேச்சே இருக்காது.”

இக்கருவியின் பெருமை எதுவென்று அந்த வராந்தாவில் எனக்கு விளங்கியது. மறைந்த கட்டியைக் கண்டுபிடிப்பது பாதிப் பெருமைதான். எங்கே கையை நிறுத்தவேண்டும் என்று சொல்வதே மறுபாதி. கருவிகள் நம்மை மேலும் மேலும் துணியச் செய்பவை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இதுவோ துணிவுக்கு எல்லை காட்டுகிறது. தெரியாமல் நிறுத்துவது அச்சம். தெரியாமல் தொடர்வது செருக்கு. கேட்டறிந்து நிறுத்துவதும் கேட்டறிந்து தொடர்வதும் மட்டுமே திறமை என்று சொல்லத் தகும்.

நம் குடும்பங்களிலும் இதே மனநிலை உண்டு. நோய் என்றால் வேரோடு களையவேண்டும், ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று துடிக்கிறோம். மிஞ்சியதைத் தோல்வியின் அடையாளமாகவே கருதுகிறோம். ஆனால் முழுமையைத் தேடிய ஆசையில் பார்வையையோ உயிரையோ இழக்கவேண்டி வந்தால், அம்முழுமையை யார் அனுபவிப்பது? அந்தத் தாயின் உடலில் மிஞ்சியிருப்பது மறதியால் விடப்பட்டதன்று, அளந்து விடப்பட்டது. அது வளர்கிறதா என்று ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். வளர்ந்தால் கதிர்வீச்சு உண்டு. மறு அறுவையும் உண்டு. அவ்வாறு காவல் வைத்து வாழ்வதும் நலவாழ்வில் ஒரு வகையே.

அறுவைக்குப் பின் சில நாள்கள் அவர் மிகுதியாக நீர் பருகி மிகுதியாகச் சிறுநீர் கழித்தார்; சுரப்பியின் பின்பகுதி அதிர்ந்ததால் வரும் தற்காலிகத் தொல்லை அது என்று சொல்லி, அளவு குறித்து வைத்துக் கவனித்தார்கள். அது தானே அடங்கியது. பார்வை நாளுக்கு நாள் விரிந்தது. மூன்றாம் மாதச் சோதனையில் வெளிப்புறக் காட்சி பெரும்பகுதி திரும்பியிருந்தது. இடக்கண்ணின் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் நிற்கிறது. இவ்வாண்டுப் புதுநன்மைக்குப் பதினொரு உடைகள் தைத்துக் கொடுத்தார்.

வாசகர்களுக்கு இரண்டு சொற்கள். பக்கத்தில் வருவோர் தெரியாமல் இடித்துக்கொள்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டிராமல் கண் மருத்துவரிடம் பக்கப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். நசுங்கிய நரம்பு நெடுநாள் காத்திருக்காது. மற்றொன்று: தலையில் கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் மனம் ஒடிந்துவிடாதீர்கள். படம் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இச்சுரப்பியில் சிறு கட்டி தென்படும் என்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நம் அன்பியத்தார், மரியாயின் சேனையார், பங்குப்பணியாளர் ஆகிய அனைவருக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன். படுக்கையருகே அமர்ந்ததும் ஆறுதல் சொல்ல வாய் திறக்கிறோம். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறோம். அவருக்கு எது அச்சம், எது ஐயம், எங்கே தொட்டால் வலிக்கும் என்பது மேற்பரப்பில் தெரிவதில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது ஆறுதல் மொழி அன்று. ‘அவர்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு நேர்மையான விடை. மருத்துவர் வரைந்து விளக்கி முடித்ததும் அவர் கணவரிடம் திரும்பி, “கேட்டுட்டுத்தான் தொடுவாங்களாம், பயப்படாதீங்க” என்றார். அறுவைக்குச் செல்லும் மனைவி, வீட்டில் இருக்கும் கணவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. அறிந்ததனால் வந்த ஆறுதல் ஆகையால், அன்று இரவு இருவரும் உறங்கினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.